காரின் கூரை விளக்கில் ஒரு காமிரா
(இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதும் இரண்டு நாள் யோசித்தேன். "சூரிய சக்தி பற்றி எழுதுடா, வருஷா வருஷம் அதுதான் வரும், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். சூரிய சக்தியைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். அதை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகையால் என் கையால் இரண்டு தடவை தப்பாகச் செய்து, மூன்றாவது தடவை சரியாக வந்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். காரின் முன்கண்ணாடியில் காமிரா மாட்டி, அதற்குக் கூரை வழியாக நிரந்தரமாக கரண்ட் கொடுப்பது எப்படி என்பதே விஷயம்.

எங்கள் அப்பா திண்டுக்கல்லில் மஞ்சள் போர்டு கார் ஓட்டுகிறார். கார் சொந்தம், டியூ இன்னும் பாக்கி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸில் ராங் சைடில் வந்த ஒரு பைக், அப்பாவின் காரில் மோதி விழுந்தது. அந்தப் பையனுக்குப் பெரிய அடி இல்லை. ஆனால் கூடிய கூட்டம் "கார்காரன்தான் இடிச்சான்" என்று சொல்லிவிட்டது. பெரிய வண்டி ஓட்டுபவன்தான் தப்பு என்பது ரோட்டில் எழுதாத சட்டம் அல்லவா! அப்பா கைக்காசு பன்னிரண்டாயிரம் கொடுத்து சமாதானம் ஆனார். அதற்குப் பிறகுதான் காமிரா வாங்கினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மாட்டித் தருவதற்குக் கடையில் தனியாகப் பணம் கேட்டிருக்கிறார்கள். "எம் மகன் எலக்ட்ரிக்கல் படிக்கிறான், அவன் போட்டுக்குவான்" என்று சொல்லிவிட்டு டப்பாவோடு வந்துவிட்டார். அப்போது நான் முதல் ஆண்டு. ஓம்ஸ் லா தெரியும். காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். அந்த சாக்கெட் அப்பாவுக்கு வேண்டும். வழி காட்டும் போனுக்கு அதில்தான் சார்ஜ். "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா" என்று பாசஞ்சரும் கேட்பார். தவிர, கண்ணாடியில் இருந்து கியர் வரைக்கும் ஒரு ஒயர் தொங்கினால் அது ஸ்டியரிங்கைச் சுற்றும் கையில் மாட்டும். காமிரா இருப்பது மேலே, பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில். கூரை விளக்கும் அங்கேயே ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அதிலிருந்தே எடுத்தால் என்ன? இப்படித்தான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதல் ஒயரிங்: கதவு திறந்தால் மட்டும்

விளக்கின் பிளாஸ்டிக் மூடியைப் பழைய ஏ.டி.எம். கார்டை நுழைத்துக் கழற்றினேன். (ஸ்குரு டிரைவரால் நெம்பினால் மூடி கீறிவிடும்.) உள்ளே மூன்று ஒயர்கள். வீட்டு பல்புக்கு இரண்டு ஒயர்தானே, இங்கே எதற்கு மூன்று?

வீட்டில் நாம் ஸ்விட்சை பேஸில் போடுவோம். பல கார்களின் கூரை விளக்கில் இது தலைகீழ். பிளஸ் எப்போதும் நேராக பேட்டரியில் இருந்து வந்து பல்பில் நிற்கும். ஸ்விட்ச் மைனஸ் பக்கம். விளக்கின் ஸ்விட்சுக்கு மூன்று நிலை உண்டு. 'ஆன்' நிலையில் பல்பின் மைனஸ் பாடி எர்த்துக்குப் போகும். 'டோர்' நிலையில் கதவில் இருக்கும் சின்ன ஸ்விட்சுக்குப் போகும். கதவு திறந்தால் அந்த ஸ்விட்ச் எர்த்தைத் தொடும், பல்பு எரியும். மூன்றாவது நிலை 'ஆஃப்'. ஆக, மூன்று ஒயர்கள்: நிரந்தர பிளஸ், நிரந்தர எர்த், கதவு எர்த்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் செய்தது இதுதான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காலை வெளியே போட்டபடி உட்கார்ந்து, மீட்டரின் சிவப்பு முனையை பிளஸில் வைத்து, கறுப்பு முனையை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்தேன். இரண்டிலும் 12.4 வோல்ட். "இரண்டும் மைனஸ்தான், எதில் கொடுத்தால் என்ன" என்று கைக்கு எட்டியதில் காமிராவின் மைனஸைக் கொடுத்தேன். காமிரா 'டிங்' என்று ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். காமிரா அணைந்துவிட்டது. திறந்தார், ஓடியது. சாத்தினார், அணைந்தது.

"என்னடா இது, வண்டி நிக்கும்போது மட்டும் படம் பிடிக்குமா?" என்றார்.

நான் எர்த் என்று நினைத்தது கதவு ஒயர். கதவு திறந்திருந்ததால் அந்த நேரத்தில் அது எர்த்தாக நடித்தது. அடுத்த அதிசயம், எல்லாக் கதவையும் சாத்திவிட்டு அந்த ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது! மைனஸ் ஒயரில் எப்படி பிளஸ் வந்தது? மறுநாள் லேபில் சாரிடம் கேட்டேன். அவர் போர்டில் பல்பை வரைந்து, "கரண்ட் ஓடலைன்னா பல்பில் வோல்டேஜ் டிராப் எவ்வளவு?" என்று கேட்டார். பூஜ்யம். அப்படியானால் பேட்டரியின் 12 வோல்ட் அப்படியே பல்பைத் தாண்டி ஒயரில் வந்து நிற்கும். நம் டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம். அது மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும், ஆகவே பல்பு இருப்பதே அதற்குத் தெரியாது. அதே இடத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லைட்டை வைத்தால் இரண்டு பல்பும் சீரிஸில் வந்து மங்கலாக எரியும், குட்டு வெளிப்படும். மீட்டர் காட்டும் வோல்டேஜ் வேறு, வேலை செய்யக்கூடிய வோல்டேஜ் வேறு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. தியரி பரீட்சையில் 'லோடிங் எஃபெக்ட்' என்று இரண்டு மார்க் கேள்வியாக இதை எழுதி இருக்கிறேன், அர்த்தம் தெரியாமலே.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிய கார்கள் பலவற்றில் கூரை விளக்கை ஒரு கன்ட்ரோல் யூனிட் நடத்துகிறது. கதவு சாத்தியதும் விளக்கு மெல்ல மங்கி அணையும். சிலவற்றில் பேட்டரியைக் காப்பாற்ற, சிறிது நேரம் கழித்து பிளஸையே அது நிறுத்திவிடும். அப்படிப்பட்ட வண்டியில் நான் சொல்லும் மூன்று ஒயர் கணக்கு பொருந்தாது. எந்த வண்டியானாலும் கதவு திறந்து, கதவு சாத்தி, சாவி இல்லாமல், சாவி முதல் நிலையில், என்ஜின் ஓடும்போது, சாவி எடுத்து அரை மணி கழித்து என்று எல்லா நிலையிலும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே ஒயரைத் தொட வேண்டும். நான் ஒரே ஒரு நிலையில் அளந்தேன்.

இரண்டாம் ஒயரிங்: நன்றாக ஓடியது, அதுதான் தப்பு

காமிராவின் மைனஸை நிரந்தர எர்த்துக்கு மாற்றினேன். இப்போது கதவு எப்படி இருந்தாலும் காமிரா ஓடியது. சாவியை எடுத்தாலும் ஓடியது. எனக்கு ஒரே சந்தோஷம். "ராத்திரி நிறுத்தி வைக்கும்போதும் யாராவது உரசினா பதிவாயிடும்ப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டு வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை.

இரண்டு வாரம் ஏன் பிரச்சினை வரவில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு காமிராவும் சேர்ந்து பேட்டரியில் இருந்து இழுப்பது 0.38 ஆம்பியர். இரவு 10 மணி நேரம் நின்றால் 3.8 ஆம்பியர்-அவர். காரில் இருப்பது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. காலையில் வண்டி எடுத்து மதுரை வரைக்கும் போனால் ஆல்டர்னேட்டர் அதைத் திரும்ப நிரப்பிவிடும். அதனால் தப்பு வெளியே தெரியாமல் ஒளிந்துகொண்டது.

அப்புறம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு நிறுத்திய வண்டி அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமை அதிகாலை 4 மணிக்கு ஒரு குடும்பத்தை மதுரை விமான நிலையத்தில் விட வேண்டும். துபாய் போகிறவர்கள், ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்திருந்த டிரிப். அப்பா காய்ச்சல் விட்ட உடம்போடு குளித்துக் கிளம்பி, சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினார், அந்தச் சத்தமும் இல்லை.

79 மணி நேரம், 0.38 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 30 ஆம்பியர்-அவர். இரண்டரை வருஷம் ஆன 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அதற்குப் பிறகு என்ன மிச்சம் இருக்கும்? மீட்டரை வைத்தேன், 10.9 வோல்ட். நிறைந்த பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றால் சுமார் பாதி, 11.8 என்றாலே காலி என்று வைத்துக்கொள்ளலாம். 10.9 என்பது காலிக்கும் கீழே.

அந்தக் குடும்பம் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது. அப்பா போனில் "மன்னிச்சுக்கங்க சார், மன்னிச்சுக்கங்க" என்று நாலைந்து தடவை சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. என்னைத் திட்டவில்லை. பக்கத்துத் தெரு அண்ணனின் வண்டியில் இருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தோம். அம்மாதான் மெதுவாக, "அந்தப் பெட்டியைக் கழட்டிருடா, நமக்கெதுக்கு" என்றது. அந்த ஒரு வார்த்தைக்குத் திட்டே பரவாயில்லை.

ஈய அமில பேட்டரியை இப்படி அடிவரை காலி செய்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். திரும்ப சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு வராது. அந்த பேட்டரியை ஐந்து மாதத்தில் மாற்ற வேண்டி வந்தது. காமிராவின் விலையில் பாதியை பேட்டரியில் விட்டோம்.

பியூஸ் பற்றி நான் அறியாமல் விளையாடிய விளையாட்டு

காமிராவைக் கழற்றும்போதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். கூரை விளக்கு ஒயரில் நான் போட்ட டேப்பிங்கில் பியூஸே இல்லை. "விளக்குக்கு ஏற்கெனவே பியூஸ் இருக்கிறதே" என்று நினைத்திருந்தேன். இருக்கிறது, எங்கள் காரில் அது 10 ஆம்பியர். அதே பியூஸில் ரேடியோவின் மெமரியும் ஓடுகிறது.

பியூஸ் சாதனத்தைக் காப்பாற்ற என்று நாம் பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது காப்பாற்றுவது ஒயரை. 10 ஆம்பியர் பியூஸ் காப்பாற்றுவது கம்பெனி போட்ட ஒயரை. நான் அதிலிருந்து இழுத்ததோ யு.எஸ்.பி. கேபிளில் இருக்கும் 28 கேஜ் மெல்லிய ஒயர். அதன் தடை மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். கூரைத் தகட்டின் விளிம்பில் உரசி அது அரைகுறையாக ஷார்ட் ஆகி, 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ன் வர்க்கம் 100, அதை 0.21-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு 21 வாட் சூடு. நம் லேபில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்! அப்படி ஒன்றை கூரைத் துணிக்குள் வைத்துத் தைத்த மாதிரி. 10 ஆம்பியர் பியூஸ் 10 ஆம்பியரில் போகவும் போகாது, அதுதான் அதன் வேலைக் கரண்ட். அப்பா அந்தக் கூரையின் கீழேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே எங்கே கிளை எடுக்கிறோமோ, அந்த இடத்திலேயே, ஒரு சாணுக்குள், கிளை ஒயருக்கு ஏற்ற சின்ன பியூஸ் போட வேண்டும். காமிரா பக்கத்தில் போட்டால் நடுவில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை. கார்களில் வரும் தட்டை பியூஸ்களுக்கு நிறமே அடையாளம். ஊதா 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு 5, பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. என் வேலைக்கு ஊதா போதும்.

மூன்றாம் ஒயரிங்

சாவி போட்டால் வந்து, எடுத்தால் போகும் பிளஸ் வேண்டும். அது எங்கள் காரின் கூரையில் இல்லை. சில உயர்ரகக் கார்களில் பின்னால் வரும் விளக்கு வெளிச்சத்துக்குத் தானாகக் கறுக்கும் கண்ணாடி இருக்கும். அதற்குப் போகும் ஒயர்களில் சாவியோடு வரும் பிளஸ் ஒன்று இருக்கும், அந்த வண்டிக்காரர்கள் அளந்து உறுதி செய்துவிட்டு அங்கேயே எடுக்கலாம். அப்பாவின் காரில் இருப்பது கையால் திருப்பும் சாதாரணக் கண்ணாடி. ஆகவே கீழே ஸ்டியரிங் அடியில் இருக்கும் பியூஸ் பெட்டியில் இருந்து கொண்டு வந்தேன்.

எந்த பியூஸில் இருந்து எடுப்பது? ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் கன்ட்ரோல் ஆகியவற்றின் பக்கம் போகவே கூடாது. நான் எடுத்தது லைட்டர் சாக்கெட்டின் 15 ஆம்பியர் பியூஸ். ஒயரை வெட்டாமல் கிளை எடுக்க, பியூஸ் இருக்கும் இடத்திலேயே சொருகுகிற இரண்டு மாடி ஹோல்டர் ஒன்று ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கிறது. கீழ்மாடியில் பழைய பியூஸ், மேல்மாடியில் நம் பியூஸ். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பியூஸ் பிடியின் இரண்டு காலில் ஒன்றுதான் பேட்டரி பக்கம். பழைய பியூஸைக் கழற்றிவிட்டு, சாவி போட்டு, எந்தக் காலில் 12 வோல்ட் வருகிறது என்று பார்த்து, ஹோல்டரின் பொதுக்கால் அந்தப் பக்கம் வரும்படி சொருக வேண்டும். திருப்பிச் சொருகினால் காமிராவின் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும். வேலை செய்யும், ஆனால் முறை தப்பு.

ஸ்டார்ட் செய்யும் நொடியில் இந்த லைன் அணைந்து திரும்ப வரும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு சக்தி கொடுக்க இப்படி அமைத்திருக்கிறார்கள். காமிரா ஒரு தடவை அணைந்து எழும், பயப்பட வேண்டாம்.

அடுத்தது, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரை எங்கே வைப்பது? முதலில் கீழே பியூஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, 3 மீட்டர் யு.எஸ்.பி. கேபிள் மேலே விட்டுப் பார்த்தேன். காமிரா மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைந்து எழுந்தது. போக 3 மீட்டர், வர 3 மீட்டர், மொத்தம் 6 மீட்டர் 28 கேஜ் ஒயர், சுமார் 1.28 ஓம். காமிரா 5 வோல்ட்டில் இழுப்பது 0.8 ஆம்பியர். டிராப் 1 வோல்ட்! மேலே போய்ச் சேர்வது 4 வோல்ட்தான். பிறகு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 12 வோல்ட்டாகவே மேலே கொண்டுபோய், கன்வெர்ட்டரைக் கூரைக்குள் காமிரா பக்கத்தில் வைத்தேன். 0.38 ஆம்பியர், 3 மீட்டருக்கு 0.1 ஓம், டிராப் 0.04 வோல்ட். மேட்டூரில் உற்பத்தியாகும் மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, ஊருக்குள் வந்த பிறகு இறக்குகிறார்களே, அதே பாடம்தான். காருக்குள்ளும் அதே விதி.

"கன்வெர்ட்டர் எதுக்கு, நம்ம 7805 இருக்கே" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. என்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் இருக்கும். 14-ல் 5 போக 9, அதை 0.8-ஆல் பெருக்கினால் 7.2 வாட். ஹீட் சிங்க் இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். 7.2 வாட்டுக்கு 468 டிகிரி ஏற வேண்டும்! அவ்வளவு ஏறாது. அதற்குள் தன் உள்பாதுகாப்பால் அணைந்துவிடும், காமிராவும் அணையும். ஸ்விட்சிங் முறையில் இயங்கும் கன்வெர்ட்டரே இதற்கு ஏற்றது. அதிலும் காருக்கென்று செய்ததை வாங்குங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி கிளாம்ப் லூஸாகிக் கழன்றால், ஆல்டர்னேட்டர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு மிக உயர்ந்த வோல்டேஜை லைனில் தள்ளும். 12 வோல்ட் வண்டியின் கருவிகளைச் சோதிக்கும் சர்வதேசத் தரமே இதற்காக 79 முதல் 101 வோல்ட் வரை வைத்திருக்கிறது. இருக்கும் வண்டிகளில் பாதுகாப்பு டயோடு இதை 35 வோல்ட் அளவுக்கு அடக்கும், எல்லா வண்டியிலும் இருக்கும் என்று நம்பி மலிவான மாட்யூலை மாட்டக் கூடாது.

ஒயர் மேலே ஏறும் வழி முன் தூணின் பிளாஸ்டிக் மூடிக்குள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அந்தப் பை தூணிலும் கூரை விளிம்பிலும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்தில் அது கண் இமைப்பதற்குள் விரியும். அதன் குறுக்கே நம் ஒயர் போனால் விரிவதைக் கெடுக்கலாம், பிளாஸ்டிக்கைப் பெயர்த்து முகத்தில் அடிக்கலாம். ஒயர் எப்போதும் பையின் பின்புறம், கம்பெனி ஒயரோடு சேர்ந்தே போக வேண்டும். மஞ்சள் ஸ்லீவ் அல்லது மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்கின் ஒயர். மீட்டரைக்கூட அதில் வைக்காதீர்கள், டெஸ்ட் லைட்டை நினைத்தும் பார்க்காதீர்கள். அப்பாவின் காரில் தூணில் பை இல்லை, இருந்தும் மூடியைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்துதான் தொட்டேன்.

எர்த், தூணுக்குக் கீழே பாடியில் உள்ள ஒரு போல்ட்டில். பெயின்டைச் சுரண்டி, வளையக் காது வைத்து முறுக்கினேன். இணைப்புகளை சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். சாதாரண பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் வெயிலில் நிற்கும் காரின் கூரைக்குள் பசை உருகி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குப் பதில் கம்பெனி ஒயரிங்கில் சுற்றியிருக்குமே, அந்தத் துணி டேப்பைச் சுற்றினேன். வண்டி ஆடும்போது 'கடகட' சத்தமும் வராது.

இரவிலும் காமிரா ஓட வேண்டும் என்பவர்கள், பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் தானாக வெட்டும் வசதியுள்ள மூன்று ஒயர் கன்வெர்ட்டரை வாங்கலாம். அதில் வெட்டும் அளவைத் தேர்ந்தெடுக்க ஸ்விட்ச் இருக்கும். 11.6 என்று வைத்தால் பேட்டரி ஏற்கெனவே செத்திருக்கும். 12.2-க்குக் கீழே இறக்காதீர்கள். எங்களுக்கு அந்த வசதியே வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு பேட்டரி மைனஸில் மீட்டரை சீரிஸில் போட்டு, சாவி எடுத்து, கதவெல்லாம் சாத்தி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். 22 மில்லி ஆம்பியர். கடிகாரமும் கன்ட்ரோல் யூனிட்டும் குடிப்பது அவ்வளவுதான். பொதுவாக 50-க்குள் இருந்தால் நல்லது. ஒரு நாளைக்கு 0.53 ஆம்பியர்-அவர், ஒரு மாதம் நின்றாலும் 16. (மீட்டர் சீரிஸில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் மீட்டர் வழியாகப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.)

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. நடுவில் பாட்டி இறந்து ஆறு நாள் வண்டி எடுக்கவில்லை. ஏழாம் நாள் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஸ்டாண்டில் இருந்து இரண்டு பேரைக் கூட்டி வந்தார், "தம்பி, இவங்க வண்டியிலயும் பாத்துக் குடு" என்று.

அதில் ஒருவர் லாரி ஓட்டுகிறார். லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸில். நடுவில் இருந்து 12 எடுத்துவிடலாம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி மட்டும் குறைந்துகொண்டே போகும். சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மேல் நிறைந்து கொதிக்கும், இரண்டும் கெடும். 24 வோல்ட் தாங்கும் கன்வெர்ட்டர்தான் வழி. அதற்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வேலை நடக்கும். பார்க்க விரும்பும் நண்பர்கள் வரலாம். மீட்டர் மட்டும் சொந்தமாகக் கொண்டு வாருங்கள், லேப் மீட்டரில் 10 ஆம்பியர் பியூஸை யாரோ எரித்து வைத்திருக்கிறார்கள். அது நான் இல்லை.